கைபேசி ஹெட்செட்டை ஹேண்டி ரேடியோவில் மாட்ட ஒரு பி.டி.டி. பெட்டி: முழு வழிகாட்டி

பாவ்ஃபெங் யூ.வி-5ஆர் என்ற ஹேண்டி ரேடியோவை வாங்கினால் பெட்டிக்குள்ளேயே ஒரு இயர்போன் மைக்கும் வரும். அதை ஒரு முறை மாட்டிப் பேசியவர்கள் மறுபடி மாட்டுவது அபூர்வம். காதில் நிற்காது, மைக் சட்டையில் உரசும், பி.டி.டி. (அழுத்திப் பேசும்) பட்டன் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். அதே வீட்டில் கைபேசியோடு வந்த நல்ல ஹெட்செட் மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும். அந்த ஹெட்செட்டை இந்த ரேடியோவோடு சேர்த்து வைக்கிற சின்னப் பெட்டியைத்தான் இங்கே செய்யப்போகிறோம். ஒரு பட்டன், ஒரு சாக்கெட், ஒரு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் சரக்கு.

சால்டரிங் இதில் சின்ன வேலை. எந்த வயர் எங்கே போகிறது, அதிலும் கிரவுண்ட் எது, பி.டி.டி. எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மல்டிமீட்டர் வேலைதான் இருக்கும். இரும்பைச் சூடாக்க அவசரப்பட வேண்டாம்.

டிரான்ஸ்மிட் செய்து சோதிக்க வேண்டியிருப்பதால் அமெச்சூர் (ஹாம்) ரேடியோ உரிமம் கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தருகிறது, இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. உரிமம் இன்னும் கைக்கு வராதவர்கள், உரிமம் உள்ள நண்பரை வைத்துக்கொண்டு சோதனைப் பகுதியைச் செய்யுங்கள்.

பிளக்கில் எது எங்கே

யூ.வி-5ஆரின் பக்கவாட்டில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று 3.5 மி.மீ., இன்னொன்று 2.5 மி.மீ. இரட்டைக் கால் கொண்ட இந்த அமைப்பைக் கென்வுட் பிளக் என்று சொல்வார்கள். பல கென்வுட் ஹேண்டிகளிலும் வூக்சன் போன்ற சீன ரேடியோக்களிலும் இதுவேதான். ஒவ்வொரு காலிலும் நுனியில் இருப்பது டிப், நடுவில் ரிங், அடியில் ஸ்லீவ். ஆக மொத்தம் ஆறு தொடர்புகள்:

- 2.5 மி.மீ. டிப்: ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி
- 2.5 மி.மீ. ரிங்: புரோகிராமிங் கேபிளுக்கானது, நமக்கு வேண்டாம்
- 2.5 மி.மீ. ஸ்லீவ்: உண்மையான கிரவுண்ட்
- 3.5 மி.மீ. டிப்: ரேடியோ வெளியே தருகிற சிறு வோல்டேஜ், இதுவும் நமக்கு வேண்டாம்
- 3.5 மி.மீ. ரிங்: மைக் பிளஸ்
- 3.5 மி.மீ. ஸ்லீவ்: பி.டி.டி.

பார்த்த மாத்திரத்தில் ஏமாற்றுவது கடைசி வரிதான். ஆடியோ பிளக்குகளில் ஸ்லீவ் என்றாலே கிரவுண்ட் என்று கை பழகிப்போயிருக்கும். இங்கே 3.5 மி.மீ. பிளக்கின் ஸ்லீவ் கிரவுண்ட் அல்ல. அதை 2.5 மி.மீ. ஸ்லீவோடு இணைத்தால் ரேடியோ டிரான்ஸ்மிட்டுக்குப் போகும். பி.டி.டி. என்பது இந்த இரண்டு ஸ்லீவையும் ஒன்று சேர்க்கிற பட்டன், வேறொன்றுமில்லை.

கூடவே வரும் இயர்போனில் மைக்கின் மைனஸ் முனையும் இதே 3.5 மி.மீ. ஸ்லீவில்தான் தொங்கும். பட்டனை அழுத்தும்போது மட்டும் மைக்குக்குக் கிரவுண்ட் கிடைத்து உயிர் வரும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் கைபேசி ஹெட்செட்டில் அதைச் செய்ய முடியாது. அதன் நான்கு தொடர்புப் பிளக்கில் மைக்குக்கும் இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே கிரவுண்ட்தான் இருக்கிறது. அந்தப் பொதுக் கிரவுண்டை 3.5 மி.மீ. ஸ்லீவில் இணைத்தால் காதுக்குப் போகும் ஒலிக்கும் பி.டி.டி. வயரே திரும்பு வழியாகிவிடும். ஒலி சரியாகக் கேட்காது, ரேடியோ தானாக டிரான்ஸ்மிட்டுக்குத் தாவவும் கூடும். ஆகவே நம் பெட்டியில் ஹெட்செட்டின் கிரவுண்ட் முழுவதும் 2.5 மி.மீ. ஸ்லீவுக்கே போகும்; 3.5 மி.மீ. ஸ்லீவ் பட்டனுக்கு மட்டும். இந்த ஒரு முடிவு மனதில் பதிந்துவிட்டால் மீதி தானாக வரும்.

உங்கள் ஹெட்செட் எந்த வகை

இன்றைய ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை சி.டி.ஐ.ஏ. வரிசை: டிப் இடது காது, முதல் ரிங் வலது காது, இரண்டாம் ரிங் கிரவுண்ட், ஸ்லீவ் மைக். பழைய நோக்கியா காலத்து ஹெட்செட் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும், அது ஓ.எம்.டி.பி. வரிசை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து டிப்புக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவே பாருங்கள். 16 முதல் 32 ஓம் வரை காட்டி, காதில் லேசாக ஒரு டிக் சத்தமும் கேட்டால் சி.டி.ஐ.ஏ. அந்த அளவு டிப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவே வந்தால் மற்றது. பழைய வகை என்றால் கீழே சொல்கிற சாக்கெட் இணைப்பில் கிரவுண்டையும் மைக்கையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹெட்செட்டின் நடுவே இருக்கிற பட்டனையே பி.டி.டி. ஆக்கிவிடலாமே என்று தோன்றும். ஆகாது. அந்தப் பட்டன் மைக்கைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்கிறது. அதாவது நாம் பேச வேண்டிய நேரத்தில் மைக்கை ஊமையாக்கும்.

வாங்க வேண்டியவை

சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரே கடையில் எல்லாம் கிடைக்கும். நான்கு தொடர்பு கொண்ட 3.5 மி.மீ. சாக்கெட், அழுத்தினால் இணைந்து விட்டால் பிரியும் பட்டன், 100 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, பழுப்பு), 1 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இரண்டு (மேலே 102 என்று அச்சிட்டிருக்கும்), கேபிளில் மாட்டுகிற கிளிப் வகை ஃபெரைட் (ரேடியோ அலை கேபிளில் ஏறாமல் தடுப்பது) ஒன்று, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. பட்டன் வாங்கும்போது மட்டும் கவனம்: அழுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்கிற வகை கூடாது. அதைப் போட்டால் ரேடியோ உங்களுக்குத் தெரியாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும்.

இரட்டைப் பிளக்கைத் தனியாக வாங்கிக் கஷ்டப்பட வேண்டாம். இரண்டு தனிப் பிளக்குகளைச் சரியான இடைவெளியில் நிறுத்துவது தலைவலி. ரேடியோவோடு வந்த இயர்போனையே வெட்டிவிடுங்கள். வார்த்த பிளக் கச்சிதமாக உட்காரும்.

கேபிளைப் பிரித்தல்

பிளக்கிலிருந்து 25, 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள். நீளம் ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும். மேலுறையை உரித்தால் உள்ளே மெல்லிய நான்கு வயர்கள் இருக்க வேண்டும். மூன்றே இருந்தால் அந்தக் கேபிள் இதற்கு உதவாது.

இந்த வயர்கள் பல நேரம் தலைமுடி போன்ற செம்பிழைகளாக, வண்ண எனாமல் பூசி, நடுவில் நூலோடு இருக்கும். கத்தியால் சுரண்டினால் அறுந்துபோகும். இரும்பின் நுனியில் ஒரு பெரிய சொட்டு ஈயத்தை உருக்கி, வயரின் முனையை அதற்குள் இரண்டு மூன்று நொடி வைத்திருங்கள். எனாமல் கருகிப் புகை வந்து, செம்பு பளிச்சென்று ஈயம் பிடிக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் மல்டிமீட்டரை பீப் அளவில் வைத்து, ஒவ்வொரு வயரும் பிளக்கின் எந்தத் தொடர்புக்குப் போகிறது என்று கண்டுபிடித்துத் தாளில் எழுதுங்கள். நிறத்தை நம்பவே கூடாது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். உங்களுக்குக் கிடைக்க வேண்டியவை 2.5 டிப், 2.5 ஸ்லீவ், 3.5 ரிங், 3.5 ஸ்லீவ் ஆகிய நான்கு. அவை அந்த நான்கும்தானா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ரேடியோவில் முன்கூட்டியே இரண்டு செட்டிங்

மெனு 2, டி.எக்ஸ்.பி.: லோ பவரில் வையுங்கள். மெனு 9, டி.ஓ.டி.: 60 நொடி. இரண்டாவது ரொம்ப முக்கியம். வயரிங் தவறால் ரேடியோ டிரான்ஸ்மிட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பேட்டரியும் பிழைக்கும், அந்த அலைவரிசையில் இருக்கும் மற்றவர்களின் பொறுமையும் பிழைக்கும்.

ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோட் (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் போலி ஆன்டெனா) இருந்தால் நல்லது. இல்லையென்றால் 100 ஓம், 1 வாட் கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டை இணையாக, கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி, ஆன்டெனா மாட்டுகிற வகையான ஒரு எஸ்.எம்.ஏ. கனெக்டரில் பற்றவைக்கலாம். லோ பவரில் சில நொடிச் சோதனைக்கு அது தாங்கும். வயர் சுற்றிய ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம். இந்த அலைவரிசையில் அது ரெசிஸ்டராக இல்லாமல் காயிலாக நடந்துகொள்ளும். கனெக்டர் வாங்கும்போது ரேடியோவைக் கையோடு எடுத்துப் போங்கள். யூ.வி-5ஆரின் உடம்பில் இருப்பது ஆண் வகை, பல ரேடியோக்களுக்கு நேர்மாறு.

இப்போது வெட்டிய கேபிளை ரேடியோவில் மாட்டி, வயர் முனைகள் ஒன்றையொன்று தொடாமல் மேசையில் பிரித்து வைத்து, ரேடியோவை இயக்குங்கள். 3.5 ஸ்லீவுக்கும் 2.5 ஸ்லீவுக்கும் நடுவே சில வோல்ட் காட்டும். அந்த இரண்டு வயரையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தால் உங்கள் தாளில் எழுதியது சரி. எரியவில்லையென்றால் வயரைச் சந்தேகிக்கும் முன் பிளக்கை அழுத்திப் பாருங்கள். சில பிளக்குகளின் பிளாஸ்டிக் தோள் ரேடியோவின் உடம்பில் இடித்துக்கொண்டு, கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். தோளைக் கத்தியால் கொஞ்சம் சீவினால் போதும்.

பற்றவைத்தல்

டப்பாவில் சாக்கெட்டுக்கும் பட்டனுக்கும் கேபிளுக்கும் துளை போட்டுக்கொள்ளுங்கள். கேபிளை முதலில் துளைக்குள் நுழைத்து, உள்ளே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, பிறகு பற்றவைக்க வேண்டும். எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்த பிறகு கேபிள் டப்பாவுக்கு வெளியே இருப்பதைக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலில் ஒரு சடங்கு.

சாக்கெட்டில் ஐந்து ஆறு கால்கள்கூட இருக்கலாம். ஹெட்செட்டைச் செருகியபடியே ஒவ்வொரு காலும் எந்தத் தொடர்பைத் தொடுகிறது என்று மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. 2.5 ஸ்லீவ் வயரை சாக்கெட்டின் இரண்டாம் ரிங்கில் இணைக்கவும். அங்கிருந்து ஒரு துண்டு வயரைப் பட்டனின் ஒரு காலுக்குக் கொண்டுபோகவும்.

2. 3.5 ஸ்லீவ் வயரைப் பட்டனின் மறு காலில் இணைக்கவும். வேறெங்கும் இது தொடக்கூடாது.

3. 2.5 டிப் வயரில் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன் மறுமுனையை சாக்கெட்டின் டிப், முதல் ரிங் இரண்டிலும் சேர்த்துப் பற்றவைக்கவும். இரண்டு காதிலும் கேட்கும்.

4. 3.5 ரிங் வயரை சாக்கெட்டின் ஸ்லீவில் இணைக்கவும். இதுதான் மைக்.

5. ஒரு கெப்பாசிட்டரை சாக்கெட்டின் ஸ்லீவுக்கும் இரண்டாம் ரிங்குக்கும் குறுக்கே, மற்றதைப் பட்டனின் இரண்டு காலுக்கும் குறுக்கே, கால்கள் குட்டையாக இருக்கும்படி வைக்கவும்.

ரெசிஸ்டர் எதற்கு என்றால், ரேடியோவின் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர் 8 ஓம் ஸ்பீக்கரை அலற வைக்கத் தயாரானது. அதை நேராகக் காதுக்குள் விட்டால் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் ஏற்பாடு) திறக்கும் ஒவ்வொரு முறையும் துடித்துப்போவீர்கள். 32 ஓம் காது இரண்டு இணையாக 16 ஓம். அதற்கு முன்னால் 100 ஓம் இருந்தால் வோல்டேஜில் ஏழில் ஒரு பங்குதான் காதுக்கு வரும். கொஞ்சம் கூட வேண்டுமென்றால் 47 ஓம், இரைச்சல் தொந்தரவு என்றால் 220.

சோதனை

முதலில் ரேடியோ இல்லாமல், ஹெட்செட்டை சாக்கெட்டில் செருகி, இரட்டைப் பிளக்கில் மீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்லீவுக்கும் நடுவே இணைப்பு இருக்கக்கூடாது. பட்டனை அழுத்தினால் ஏறக்குறைய பூஜ்யம். 2.5 டிப்புக்கும் 2.5 ஸ்லீவுக்கும் நடுவே 100 ஓமுக்குச் சற்று மேல். 3.5 ரிங்குக்கும் 2.5 ஸ்லீவுக்கும் நடுவே பூஜ்யமாக இல்லாமல் ஓரளவு பெரிய எண். ஹெட்செட்டின் நடுப் பட்டனை அழுத்தினால் அது பூஜ்யத்துக்கு விழ வேண்டும். 3.5 டிப் எதோடும் சேரக்கூடாது. இந்த நான்கும் சரி என்றால்தான் ரேடியோ.

வால்யூமைக் குறைத்து, ஹெட்செட்டைக் காதில் வைக்காமல் ரேடியோவை இயக்குங்கள். ஸ்குவெல்ச்சைத் திறக்கிற மோனி பட்டனை அழுத்தி இரைச்சல் எவ்வளவு என்று கையில் பிடித்துக் கேட்ட பிறகு காதில் மாட்டுங்கள். அடுத்து டம்மி லோடோடு, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குள் யாரும் பயன்படுத்தாத ஒரு சிம்ப்ளெக்ஸ் (ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேரடி) அலைவரிசையில் பட்டனை அழுத்தி, உங்கள் கால்சைனை (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறியை) சொல்லிப் பேசுங்கள். இரண்டாவது ரேடியோவை வேறு அறையில் வைத்துக் கைபேசியில் பதிவுசெய்தால், உங்கள் குரலை நீங்களே எடைபோடலாம். நண்பரிடம் கேட்டால் எப்போதும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்.

குரல் சரியில்லை என்றால்

குரலே போகவில்லை என்றால், டிரான்ஸ்மிட்டில் இருக்கும்போது மைக்கின் இரண்டு முனைக்கும் நடுவே டி.சி. வோல்டேஜைப் பாருங்கள். ஹெட்செட் மைக் எலெக்ட்ரெட் வகை. அதன் உள்ளே ஒரு சின்ன ஃபெட் டிரான்சிஸ்டர் இருக்கிறது, அதற்கு மின்சாரம் ரேடியோவிலிருந்து இதே மைக் வயர் வழியாகத்தான் வருகிறது. ஒன்று இரண்டு வோல்ட் இருந்தால் நலம். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட், அல்லது அந்த வயர் வரவே இல்லை. மைக்கை எடுத்தாலும் செருகினாலும் அளவு மாறவில்லை என்றால் மைக் இணையவே இல்லை. ரிசீவில் பூஜ்யம் காட்டினால் பதற வேண்டாம். டிரான்ஸ்மிட்டில் மட்டும் மைக்குக்கு மின்சாரம் தருவது சில ரேடியோக்களின் வழக்கம்.

குரல் தடித்து, வார்த்தைகள் உடைந்து வந்தால் மைக் அளவு கூடுதல். எஃப்.எம்.மில் சத்தமாகக் கத்தினால் தூரம் போகாது. டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) எல்லையில் முட்டி வெட்டுப்படும், அவ்வளவுதான். மைக்கை வாயிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து மைக்கின் குறுக்கே போடுங்கள், கெப்பாசிட்டரின் பிளஸ் மைக் பிளஸ் பக்கம் இருக்கட்டும். மைக்கின் மின்சாரம் குறையாமல் ஒலி மட்டும் குறையும். மைக்குக்குத் தொடராக ரெசிஸ்டர் போடச் சொல்கிற யோசனை எலெக்ட்ரெட்டில் பலிக்காது. அது ஏறக்குறைய ஒரு கரண்ட் மூலம் போல வேலை செய்வதால் தொடர் ரெசிஸ்டரை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

டம்மி லோடில் அருமையாக இருந்த குரல், ஆன்டெனா மாட்டியதும் உறுமலோடு வந்தாலோ, பட்டனை விட்ட பிறகும் சிவப்பு விளக்கு அணையாமல் நின்றாலோ, அது வயரிங் தவறல்ல. ரேடியோ அனுப்புகிற அலையே கேபிள் வழியாகத் திரும்பி உள்ளே வருகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அதன் கால் பங்கு ஏறக்குறைய 50 செ.மீ. அந்த நீளத்தில் தொங்குகிற எந்த வயரும் ரேடியோவின் ஆன்டெனாவுக்கு இன்னொரு பாதியாக நடந்துகொள்ளும். வேண்டுமென்றே அப்படி ஒரு வயரை ரேடியோவில் தொங்கவிட்டு சிக்னலைக் கூட்டுகிற பழக்கம் ஹாம்களிடம் உண்டு. நமக்கு இங்கே அது வேண்டாத உபகாரம். கேபிளை 25, 30 செ.மீ.க்கு வெட்டச் சொன்னது அதனால்தான். ஃபெரைட்டை ரேடியோ பிளக்குக்கு மிக அருகில் மாட்டி, கேபிளை அதற்குள் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். நாம் போட்ட 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர்களும் இதே வேலைக்குத்தான். கால்கள் நீளமாக இருந்தால் அவற்றால் பயன் இல்லை. இவ்வளவும் செய்து தீரவில்லையென்றால் ஹெட்செட் பக்கத்திலும் ஒரு ஃபெரைட் போடலாம்.

இதே பெட்டியைக் கணினியோடு இணைக்க

எஸ்.எஸ்.டி.வி. (படத்தை ஒலியாக மாற்றி அனுப்பும் முறை) படம் அனுப்பவோ பாக்கெட் (ரேடியோ வழியே கணினித் தரவு அனுப்புவது) முயலவோ விரும்பினால் மைக் இடத்தில் கணினியின் அல்லது கைபேசியின் ஒலியைக் கொடுக்க வேண்டும். நேராகக் கொடுக்க முடியாது. ஹெட்போன் வெளியீடு அரை வோல்ட், ஒரு வோல்ட் அளவில் இருக்கும். மைக் உள்ளீட்டுக்குத் தேவை சில மில்லிவோல்ட்தான். நூறில் ஒரு பங்காகக் குறைக்க, ஒலியை 10 கிலோ ஓம் வழியாகக் கொண்டுவந்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம் போடுங்கள். இரண்டும் சேரும் இடத்திலிருந்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மைக் பிளஸுக்குப் போகட்டும். ரேடியோவிலிருந்து வரும் டி.சி. அங்கே தடுக்கப்பட்டுவிடும். கணினியின் கிரவுண்டால் ம்ம்ம் என்று ஹம் வந்தால் நடுவில் ஒரு 600 ஓமுக்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தீரும். பி.டி.டி.க்குக் கையாலேயே பட்டனை அழுத்தலாம். மெனு 4-இல் இருக்கும் வாக்ஸும் (ஒலி வந்ததும் தானாக டிரான்ஸ்மிட்டுக்குப் போகும் வசதி) உண்டு, ஆனால் ஒலியின் முதல் துணுக்கை அது விழுங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

பெறுவது மட்டும் என்றால் இன்னும் எளிது. சர்வதேச விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.டி.வி. படங்களை அனுப்பும். காதுக்குப் போகும் அதே ஒலியை மேலே சொன்ன 10 கிலோ ஓம், 100 ஓம், கெப்பாசிட்டர் வழியாகக் கணினியின் மைக் உள்ளீட்டுக்குத் திருப்பிவிட்டால் போதும்.

வேறு ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு

ஐகாம், யேசு ஹேண்டிகள் பலவற்றில் பி.டி.டி.க்குத் தனித் தொடர்பே இருக்காது. மைக் வயரிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டைக் கிரவுண்டுக்கு இழுத்தால் ரேடியோ அதைப் பட்டன் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். அங்கே நம் பட்டன் அந்த ரெசிஸ்டரோடு தொடராக, மைக் பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வரும். எலெக்ட்ரெட் மைக்கும் அதே வயரில் கரண்ட் இழுப்பதால் அதை நேராகத் தொங்கவிட்டால் ரேடியோ எப்போதும் டிரான்ஸ்மிட்டில் நிற்கக்கூடும். மைக்கின் மைனஸையும் பட்டனுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும், அல்லது மைக்குக்குத் தனியாக மின்சாரம் கொடுத்துக் கெப்பாசிட்டர் வழியாக ஒலியை மட்டும் சேர்க்க வேண்டும். ரெசிஸ்டரின் மதிப்பு மாடலுக்கு மாடல் மாறும். ரேடியோவின் கையேட்டில் மைக் ஜாக் படத்தோடு அது அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணையே போடுங்கள்.